கப்பித்தான் கேட்கிறார்: வேண்டட்டா?

ஸ்டுட்கார்ட்
20.01.2025

அன்புள்ள சாரங்கா அக்காவுக்கு,

துயர் பகிர்வு. சீனாவைப் பிறப்பிடமாகவும், ஸ்டுட்கார்ட்டை வசிப்பிடமாகவும், என் காற்சட்டைப் பையை நிரந்தர முகவரியாகவும் கொண்டிருந்த என்ரை ஃபோன், கடந்த வெள்ளிக்கிழமை மாலை அம்மாவின் அலுமாரிக்குள் அமைதியாக அடங்கியது என்பதை உங்களுக்கு அறியத்தருகிறேன். அன்னார் சார்ஜரின் அன்புத் துணையும், இயர்ஃபோன்கள் இரண்டின் பாசமிகு தந்தையும் ஆவார். கோடை விடுமுறை வரைக்கும் பார்வைக்கு வைக்கப்படமாட்டார். மலர்வளையம் தவிர்க்கவும். சொக்லேற் அனுப்பலாம்.

நான் சுகம். ஹாலேயிலை நீங்களும் உங்கடை சிநேகிதி தேனுஜா அக்காவும் சுகமோ? ஒரே வீட்டிலை இருந்துகொண்டு இன்னும் ஒரே சீப்புக்குச் சண்டை பிடிக்கிறியளோ?

அம்மாவின்ரை தீர்ப்பு இதுதான்: "ஆரோடையும் கதைக்கோணுமெண்டால் தமிழிலை கடிதம் எழுது. முத்திரை நான் வேண்டித் தாறன்." பெரியம்மா பெத்ததிலை நக்கல் விளங்கிற ஆள் நீங்கள் ஒராள்தான். அதாலை என்ரை தண்டனையிலை உங்களுக்கும் ஒரு பங்கு.

குற்றம் என்ன எண்டு கேட்பியள். கோடையிலை வெயில் கூடினால் பள்ளிக்கூடத்தைப் பாதியிலை விடுறாங்கள், ஹிட்சஃப்ரை எண்டு அதுக்குப் பேரும் வைச்சிருக்கிறாங்கள். வெயிலுக்கு ஒரு நீதி, குளிருக்கு ஒரு நீதியோ? நான் பள்ளிக்கூட முத்திரைத் தலைப்போடை ஒரு அறிவித்தல் அடிச்சு, கீழ்த்தளத்திலை ஒட்டினன்: வெப்பமூட்டி பழுது, ஐந்தாம் ஆறாம் வகுப்புகளுக்கு மூன்றாம் பாடத்தோடை குளிர்விடுமுறை. எழுத்துப்பிழை ஒண்டுகூட இல்லை. அதிலைதான் ஆசிரியர்மார் ஏமாந்தவை. ரெண்டு வகுப்பும் காலி. பிள்ளையள் என்னைக் கும்பிட்டிருப்பினம், ஆர் எண்டு தெரிஞ்சிருந்தால்.

தெரிஞ்சது ஒருத்தனுக்குத்தான். நவநீத். கோயம்புத்தூரிலை இருந்து மூண்டு வருஷத்துக்கு முதல் வந்து, எனக்குப் பக்கத்துக் கதிரையிலை இருந்து, என்ரை சாப்பாட்டுப் பெட்டியிலை பாதி தின்ற அதே நவநீத். நேரே அதிபரிட்டைப் போய் "கவிஷன்தான்" எண்டு சொல்லிப்போட்டான். பேரிலேயே வெண்ணெய். அண்டைக்கே யோசிச்சிருக்கோணும், வழுக்கும் எண்டு.

அவனோடை கதை இல்லை. பழி வேண்டுறது எண்டு முடிவு. எப்பிடி எண்டதுதான் மிச்சம். யோசனை இருந்தால் எழுதுங்கோ.

அம்மாவும் அப்பாவும் சுகம். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கோ.

இப்படிக்கு,
நெக்கார் ஆற்றங்கரை நக்கல் மன்னன் கவிஷன்


ஹாலே
02.02.2025

அன்புள்ள தம்பி கவிக்கு,

உன்ரை கடிதம் கிடைச்சது. இங்கை நாங்கள் நல்லாயிருக்கிறம். சித்திக்கு முழங்கால் நோ எண்டு அம்மா சொன்னா, இப்ப எப்பிடி?

ஃபோனுக்கு என் அனுதாபம். தேனுஜா உன்ரை துயர் பகிர்வைக் குசினிக் கதவிலை ஒட்டி வைச்சிருக்கிறாள். வாற போற எல்லாருக்கும் வாசிச்சுக் காட்டுறாள். சீப்பு இப்ப ரெண்டு இருக்கு எண்டும் எழுதச் சொன்னாள்.

நான் பின்னேரங்களிலை ரிக்கெற் கிழிக்கிற சின்னத் தியேட்டர் உனக்குத் தெரியும்தானே. அங்கை நிலவறையிலை கிடந்த பழைய தகரப் பெட்டியளுக்குள்ளை ஒரு இத்தாலியன் படம் இருந்தது. கடற்கொள்ளைக்காரர், வாள் சண்டை, பழிக்குப் பழி. முதல் சுருள் இல்லை, அதாலை படத்துக்குப் பேரும் இல்லை. கொம்பியூட்டருக்கு மாத்தினதிலை ஒரு பிரதி கேட்டு வேண்டினன். ஸ்டிக்கிலை போட்டு இதோடை அனுப்புறன். ஃபோன் இல்லாதவனுக்குப் பொழுது போகட்டும். ஜெர்மன் எழுத்துக்கூட ஓடாது, நீயே கதையைக் கண்டுபிடி.

ஒண்டு கேட்கிறன். நவநீத் சொல்லிப்போட்டான் எண்டு எழுதியிருக்கிறாய். ஏன் சொன்னவன் எண்டு எழுதேல்லை.

சித்தியையும் சித்தப்பாவையும் கேட்டதாகச் சொல்லு.

அன்புடன்,
சாரங்கா அக்கா


ஸ்டுட்கார்ட்
16.02.2025

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். அம்மாவின்ரை முழங்காலும் நலம், என்னைத் துரத்திறதுக்குக் காணும்.

படம் பார்த்தன். ஐயோ அக்கா, இதுக்கு அந்தத் தகரப் பெட்டியிலை மீன் அடைச்சிருக்கலாம்.

கதை இதுதான். கப்பித்தான் பார்த்தோலோ எண்டு ஒரு ஆள். அவருக்கு உயிர்ச் சிநேகிதன் ஒருத்தன், பேர் பெப்பே. உண்மையாத்தான், பெப்பே. பேரைக் கேட்டவுடனேயே இவன் எல்லாருக்கும் பெப்பே காட்டப்போறான் எண்டு எங்கடை ஆக்களுக்கு விளங்கும், இத்தாலியருக்கு விளங்கேல்லை. அவன் கப்பித்தானை ஆளுநரிட்டைக் காட்டிக்குடுக்கிறான். கப்பல் போச்சுது. பார்த்தோலோ தப்பி, மீசை வளர்த்து, பழி வேண்ட வாறார். அந்த மீசை ஒவ்வொரு காட்சியிலும் ஒவ்வொரு பக்கம் கூடிக் குறையுது.

கடல் எண்டது ஒரு குளிக்கிற தொட்டி. பின்னாலை துணியிலை கீறின முகில், பீரங்கி வெடிச்சால் முகில் ஆடுது. கிளி எண்டு சொல்லி ஒரு புறாவுக்குப் பச்சை அடிச்சு அவரின்ரை தோளிலை இருத்தியிருக்கிறாங்கள். அதுக்கே வெட்கமாயிருக்கு, கமராவைப் பார்க்குதில்லை. ஒரே கப்பல் மூண்டு தரம் தாழுது. எல்லாத்திலும் பெரிய பகிடி, கப்பித்தான் நீந்துற காட்சி. ஆள் நீந்தேல்லை அக்கா. கீழை காலாலை நடக்கிறார், மேலை கை மட்டும் நீந்துது. நான் பார்த்த உடனே பிடிச்சிட்டன். கடைசிக் காட்சி சரியான அலுப்பு, பார்க்காமல் வேகமாய் ஓடவிட்டிட்டன்.

இப்ப முக்கியமான விஷயம். இந்தக் கப்பித்தான் ஒவ்வொரு பத்து நிமிஷத்துக்கும் வாளைத் தூக்கிக்கொண்டு ஒரு சொல்லைக் கத்துறார். இத்தாலியனிலை பழிவாங்கலுக்கு அதுதானாம் சொல்லு. 'வெண்டெட்டா.' ஒருக்கா உங்கடை காதாலை கேளுங்கோ. அச்சொட்டாய், "வேண்டட்டா?" தமிழ்க் கடைக்குள்ளை நிண்டு அப்பா அம்மாவுக்கு ஃபோனெடுத்துக் கேட்கிற அதே குரல். முருங்கைக்காய் வந்திருக்கு, வேண்டட்டா? நவநீத் ஆக்கள் எல்லாத்தையும் வாங்குவினம், நாங்கள்தானே வேண்டுறனாங்கள். வாளும் கையுமாய் ஒரு மனுசன் கடலுக்கு நடுவிலை நிண்டு சாமான் வேண்டட்டோ எண்டு அனுமதி கேட்கிறான். நான் கதிரையாலை விழுந்து சிரிச்சன்.

அதோடை எனக்குத் திட்டமும் வந்திட்டுது. ஜூன் கடைசியிலை எங்கடை சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்தின்ரை ஆண்டு விழா. செல்வராசா மாஸ்டரிட்டை நிகழ்ச்சி ஒண்டு கேட்டு வைச்சிருக்கிறன்: படத்தைச் சத்தமில்லாமல் ஓடவிட்டு மேடையிலை நிண்டு தமிழிலை குரல் குடுக்கிறது. 'இளையோரும் உச்சரிப்பும்' எண்டு பேர் வைச்சன், மனுசன் உருகிப்போச்சுது. பெப்பேக்கு நவநீத்தின்ரை குரல், அவன்ரை "என்னடா இது", அவன்ரை இழுவை எல்லாம். அம்மா அவன்ரை அம்மா யாமினி அன்ரியையும் விழாவுக்குக் கூப்பிட்டிருக்கிறா, அவனும் வருவான். பெப்பேயைப் பலகையிலை நடத்திக் கடலுக்குள்ளை தள்ளேக்கை ஒரு வசனம் இருக்கு. அதைப் பேந்து சொல்லுறன். ஒரு குறிப்பு மட்டும்: எங்கடை நவநீத்துக்கு நீந்தத் தெரியாது. புதன்கிழமையளிலை ஆறு வயசுப் பிள்ளையளோடை சேர்ந்து, நீச்சல் பழகின குஞ்சுகளுக்குக் குடுக்கிற கடற்குதிரைச் சின்னத்துக்குப் பழகுறான். ஒருத்தருக்கும் தெரியாது, எனக்கு மட்டும் தெரியும். நான் அதே நீச்சல் குளத்திலை மற்றப் பக்கம் உயிர்காப்பாளர் பயிற்சிக்குப் போறனான் எண்டு அம்மா சொல்லியிருப்பா.

பெரியம்மாவைக் கேட்டதாகச் சொல்லுங்கோ.

கப்பல் கவிழ்ந்தாலும் கவிழாத,
கவிஷன்


ஹாலே
01.03.2025

அன்புள்ள கவிக்கு,

சுகம்தானே? இங்கை குளிர் விடுகுது. எனக்குக் கொஞ்சம் தடிமன், மற்றப்படி ஒண்டுமில்லை.

'வேண்டட்டா'வுக்குத் தியேட்டரிலையே சத்தமாய்ச் சிரிச்சிட்டன். அது நல்லாயிருக்கு.

மற்றது நல்லாயில்லை. அம்மா சொன்னா. உன்ரை குளிர்விடுமுறையை நம்பி ஐந்தாம் வகுப்புப் பிள்ளை ஒண்டு, மெலனி, வீட்டை போயிருக்கு. கதவுத் திறப்பு இல்லை, தாய் வேலையிலை. ஆலங்கட்டி மழையுக்குள்ளை ட்ராம் தரிப்பிடத்திலை அழுதுகொண்டு நிண்டிருக்கு. அதைக் கண்டு பள்ளிக்கூடத்துக்குத் திருப்பிக் கூட்டிக்கொண்டு வந்தது நவநீத். அதுக்குப் பிறகுதான் அவன் உன்ரை பேரைச் சொன்னவன். ரெண்டு கடிதம் எழுதிப்போட்டாய், இது ஒண்டிலும் இல்லை.

பெப்பேக்கு வேறை குரல் பார்.

பேந்து, கப்பித்தான் நடக்கிறார் எண்டு உனக்கு என்னண்டு உடனே தெரிஞ்சது? நாங்கள் தியேட்டரிலை நாலு பேர் பார்த்தனாங்கள். ஒருத்தரும் கவனிக்கேல்லை.

அன்புடன்,
அக்கா


ஸ்டுட்கார்ட்
09.03.2025

அன்புள்ள அக்காவுக்கு,

தடிமன் மாறினதோ? கொத்தமல்லி குடியுங்கோ. நான் சுகம்.

மெலனி கதையைப் பெரியம்மா பெருப்பிச்சுப்போட்டா. மழை பெரிசாய் இல்லை. அந்தப் பிள்ளைக்குக் குடை இருந்தது. திறப்பில்லாமல் வீட்டை போறது அந்தப் பிள்ளையின்ரை பிழை. சரி, அது பாவம்தான். ஆனால் என்னட்டை வந்து "டேய், இப்படி ஆயிருச்சு, நீயே போய்ச் சொல்லிடு" எண்டு அவன் சொல்லியிருக்கலாம்தானே? சொன்னவன்தான். நான் சிரிச்சனான்தான். அதுக்காக உடனே போறதோ? ஒரு நாள் பொறுக்கேலாதோ?

சரி, வசனத்தைச் சொல்லுறன். பெப்பே பலகை நுனியிலை நிண்டு கீழை கடலைப் பார்க்கிறான். கப்பித்தான் வாளை உயர்த்தி "வேண்டட்டா?" எண்டுறார். அந்த ஒரு சொல்லுக்கு மட்டும் படத்தின்ரை சொந்தச் சத்தத்தையே விடப்போறன், அதை மிஞ்ச ஏலாது. அப்ப பெப்பே, நவநீத்தின்ரை குரலிலை: "வேணாம்ணா, பதினஞ்சு வயசாச்சு, எனக்கு இன்னும் கடற்குதிரைகூட கிடைக்கலைண்ணா." மண்டபம் முழுக்க எங்கடை சனம், அவையின்ரை பிள்ளையள் எல்லாம் ஆறு வயசிலை வேண்டின சின்னம். அவன்ரை முகத்தை நினைச்சுப் பாருங்கோ.

தேனுஜா அக்கா இந்தமுறை ஒண்டும் எழுதச் சொல்லேல்லையோ? ரெண்டாவது சீப்பும் துலைஞ்சுபோச்சோ?

இப்படிக்கு,
பழிபாவத்துக்கு அஞ்சாத கவிஷன்


ஸ்டுட்கார்ட்
06.04.2025

அன்புள்ள அக்காவுக்கு,

ஒரு மாசமாகுது. ஹாலேயிலை இருந்து ஒரு ஹலோகூட இல்லை. முத்திரை விலையேறிப்போச்சோ, இல்லாட்டி என்ரை கையெழுத்துப் பிடிக்கேல்லையோ? சுகமாய் இருக்கிறியள் எண்டு பெரியம்மாவிட்டைக் கேட்டு அறிஞ்சன். அவவும் வேறை ஒண்டும் சொல்லேல்லை.

இங்கை செய்தி ஒண்டு. யாமினி அன்ரிக்கு ஹாலேயிலை வேலை கிடைச்சிருக்கு. அங்கை பழைய காப்பகத்திலை முந்நூறு வருஷத்துக்கு முந்தின தமிழ்க் கடிதங்கள் கிடக்காமே, அதுகளை வாசிக்கிற வேலை. உயிரோடை இருக்கிற ஒருத்தனுக்கு ஹாலேயிலை இருந்து பதில் வராதாம், செத்த ஆக்களின்ரை கடிதத்தை வாசிக்கச் சம்பளமாம். ஓகஸ்டிலை குடும்பத்தோடை போகினம்.

போகட்டும். பக்கத்துக் கதிரை காலியானால் என்ரை பையை வைக்கலாம். எனக்கு ஒரு கவலையுமில்லை எண்டு சொல்லத்தான் இதை எழுதுறன்.

உயிர்காப்புப் பயிற்சி அந்தமாதிரிப் போகுது. இந்தக் கிழமை அடித்தளத்திலை கிடக்கிற வளையம் எடுத்தனான். தண்ணிக்குள்ளை கண்ணைத் திறந்துகொண்டு, மீன் மாதிரி. பயிற்சியாளரே அசந்துபோனார்.

சுகமாய் இருந்தால் எழுதுங்கோ. சுகமில்லாட்டியும் எழுதுங்கோ.

கவிஷன்


ஹாலே
27.04.2025

அன்புள்ள கவிக்கு,

பிந்திப்போச்சு, குறை நினைக்காதை. உறையிலை முகவரி மாறியிருக்கு, கவனிச்சு எழுதி வை. இது ஒற்றை அறை. சன்னலாலை ட்ராம் தெரியும். சாப்பாடு, நித்திரை எல்லாம் சரி. அம்மாவுக்கு முகவரி மட்டும்தான் தெரியும்.

நீ ஓடவிட்டன் எண்டு சொன்ன கடைசிக் காட்சியை நான் திருப்பிப் பார்த்தன். பெப்பே போயிட்டான். ஆளுநர் செத்திட்டார். கப்பல் முழுக்க கப்பித்தானுக்குத்தான். ஆள் ஒரு பீப்பாய்க்குப் பக்கத்திலை இருந்து சீட்டைக் கலைச்சு ரெண்டு கையாய்ப் பிரிச்சு வைக்கிறார். முந்தி பெப்பேயோடை விளையாடுற பீப்பாய். எதிரிலை ஆள் இல்லை எண்டது அவருக்குப் பிந்தித்தான் தெரியுது. அதோடை படம் முடியுது. புறாவுக்குக்கூடப் பச்சை போயிட்டுது.

நானும் போன மாசம் ஒண்டு வேண்டினன், கவி. ஒரு பிறந்தநாள் மேசையிலை, பத்துப் பேருக்கு முன்னாலை. தேனுஜா எனக்கு மட்டும் சொன்ன ஒரு கதையை எடுத்து எல்லாருக்கும் பகிடியாய்ச் சொன்னன். அதுக்கு முதல் கிழமை அவள் எனக்குச் செய்ததுக்கு அது சரி எண்டு நினைச்சன். நல்லாய்ச் சிரிச்சவை. வீட்டை வந்து தேத்தண்ணிக்கு ரெண்டு கோப்பை எடுத்து வைச்சன்.

இதைச் சித்திக்குச் சொல்லாதை.

அன்புடன்,
அக்கா


ஸ்டுட்கார்ட்
29.06.2025

அன்புள்ள அக்காவுக்கு,

நலம், நீங்களும் நலமாய் இருக்கோணும்.

நேற்று விழா. வெகு சிறப்பு. மண்டபம் நிரம்பி வழிஞ்சது. பழி முறைப்படி வேண்டப்பட்டது. பெப்பேயின்ரை வசனத்துக்குச் சனம் கதிரையாலை விழுந்தது. நவநீத் மூண்டாம் வரிசையிலை இருந்து அழாத குறை. செல்வராசா மாஸ்டர் மேடையிலை வந்து கையைப் பிடிச்சுக் குலுக்கினார்.

விவரம் பிறகு. இப்ப பரீட்சை.

கவிஷன்


ஹாலே
06.07.2025

அன்புள்ள கவிக்கு,

சுகமோ? பரீட்சை எப்பிடி? நாலு வரிக் கடிதம் எழுத உனக்கு வராது எண்டு நினைச்சிருந்தன்.

புதன்கிழமை யாமினி அன்ரியும் நவநீத்தும் வீடு பார்க்க ஹாலேக்கு வந்தவை. சித்தி என்ரை நம்பரைக் குடுத்திருந்தா. வீட்டுக்காரன் குடுத்த டெர்மின் நேரத்துக்கு நானும் போனன். அன்ரி உள்ளை குசினி அளந்துகொண்டிருக்க, நாங்கள் ரெண்டு பேரும் படியிலை இருந்தம். முதன்முதல் அவனைக் காணுறன். நல்ல உயரம்.

"விழா எப்பிடி?" எண்டு கேட்டன்.

"கவிஷன் சூப்பரா பண்ணான்க்கா. ஹாலே குலுங்குச்சு. இந்த ஹாலே இல்ல, அந்த ஹால்" எண்டான். உன்னட்டைப் பழகின பகிடிபோலை.

"உனக்குக் கோபம் வரேல்லையோ?"

"எதுக்குக்கா?"

உண்மையாவே விளங்காத முகம். அதோடை பேச்சை மாத்தி, உன்ரை உயிர்காப்புப் பயிற்சி என்ன மாதிரி, பாஸ் பண்ணிட்டானோ எண்டு கேட்டன். "அவன் நல்லா நீந்துவான்க்கா" எண்டு சொல்லிப்போட்டுக் குனிஞ்சு சப்பாத்துக் கயிற்றைக் கட்டத் தொடங்கினான். அது கட்டித்தான் இருந்தது.

நான் வேறை ஒண்டும் கேட்கேல்லை. உன்னட்டையும் கேட்கேல்லை.

அன்புடன்,
அக்கா


ஸ்டுட்கார்ட்
13.07.2025

அன்புள்ள சாரங்கா அக்காவுக்கு,

சுகம் எண்டு எழுதத்தான் பேனையை எடுத்தன். சுகம்தான். ஆனால் முழுக்கச் சுகமில்லை.

உங்கடை கடிதத்தை வாசிச்சிட்டு முதலிலை ஒரு பொய் எழுதினன், பிறகு கிழிச்சன். நவநீத் அங்கை வந்தபிறகு உங்களுக்கு எல்லாத்தையும் சொல்லிப்போடுவான் எண்டு பயந்துதான் இதை எழுதுறன் எண்டு நினைக்காதேங்கோ. அவன் சொல்லமாட்டான். அதுதான் பிரச்சினை. அதாலை நான்தான் சொல்லோணும்.

விழாவிலை நடந்தது இதுதான். முதல் தரம் கப்பித்தான் "வேண்டட்டா?" எண்டு கத்த, பின்வரிசையிலை இருந்து ஆரோ ஒரு மாமா "ரெண்டு கிலோ வேண்டு" எண்டார். அதோடை சனத்துக்குப் பிடிபட்டுட்டுது. அடுத்த முறை "பழசில்லையோ எண்டு பார்த்து வேண்டு." அதுக்கடுத்தது "போன கிழமையும் வேண்டினது கிடக்கு." மண்டபம் இடிஞ்சு விழாத குறை. அவ்வளவும் உண்மை.

பிறகு பலகைக் காட்சி வந்தது. பெப்பே நுனியிலை நிக்கிறான். எனக்குக் கையிலை மைக், வாயிலை அந்த வசனம் தயார். சனம் எல்லாம் என்ன வருகுது எண்டு எட்டிப் பார்க்குது. கப்பித்தான் வாளைத் தூக்கினார். "வேண்டட்டா?"

மூண்டாம் வரிசையிலை இருந்து நவநீத், இந்தக் காது வரைக்கும் சிரிச்சுக்கொண்டு, முழு மண்டபத்துக்கும் கேட்கக் கத்தினான்: "வேண்டாம்டா."

அக்கா, அவனுக்கு அது முதல் தரத்திலை இருந்தே அப்பிடித்தான் கேட்டிருக்கு. எங்களுக்கு வேண்டட்டா எண்டு கேட்ட சொல்லு, அவன்ரை காதுக்கு வேண்டாம்டா. நாங்கள் ரெண்டு பேரும் ஜனவரிக்குப் பிறகு ஒரு சொல்லும் கதைச்சதில்லை. முதல் கதைச்சது அதுதான். அவனுக்கு என்ரை திட்டம் ஒண்டும் தெரியாது. சும்மா பகிடிக்குச் சொன்னவன்.

எனக்கு வசனம் வரேல்லை. வாயைத் திறந்தால் "பெ... பெப்... பெப்பே" எண்டதுதான் வருகுது. சனம் அதைத்தான் பகிடி எண்டு நினைச்சுக் கைதட்டினது. பெப்பே குரலே இல்லாமல் கடலுக்குள்ளை போனான். செல்வராசா மாஸ்டர் மைக் பழுதாக்கும் எண்டு மேடையிலை ஓடி வந்து அதிலை தட்டினார். கை குலுக்கினது எண்டு நான் எழுதினது அந்தத் தட்டைத்தான்.

இனிப் பெரிசு. நான் உயிர்காப்பாளர் பயிற்சிக்குப் போகேல்லை. எனக்கு நீந்தத் தெரியாது. மூண்டாம் வகுப்பிலை நீச்சல் பாடம் வந்த ஒவ்வொரு கிழமையும் எனக்குக் காதுக்குள்ளை குத்தும், அம்மா லீவுக் கடிதம் எழுதித் தருவா. குத்தினதே இல்லை. தண்ணிக்குப் பயம். புதன்கிழமையளிலை அந்த ஆறு வயசுக் குஞ்சுகளுக்கு நடுவிலை ரெண்டு நெடுவல் நிக்கும். ஒண்டு நவநீத். மற்றது நான். போன வருஷம் சேர்ந்துதான் பதிஞ்சம், ஒருத்தருக்கும் சொல்லுறதில்லை எண்டு ரெண்டு பேரும் பேசி.

கப்பித்தான் நடக்கிறார் எண்டு எனக்கு என்னண்டு உடனே தெரிஞ்சது எண்டு கேட்டியள். நான் அப்பிடித்தான் நீந்துறனான். கை மட்டும்.

ஏப்ரலிலை வளையம் எடுத்த கதை எழுதினன், மீன் மாதிரி எண்டு. வளையத்துக்குப் போனது உண்மை. கீழை போய் எது மேல் எண்டு தெரியாமல் தண்ணியைக் குடிச்சன். தலைமயிரிலை பிடிச்சு இழுத்தது நவநீத். அவனுக்கே அப்ப அரைகுறையாய்த்தான் நீந்த வரும். பயிற்சியாளர் ஓடிவர, "சும்மா விளையாடுறான்" எண்டு ஜெர்மனிலை சொன்னான். எங்களுக்குள்ளை அப்பவும் கதை இல்லை. நான் நன்றி சொல்லேல்லை. அந்தக் கிழமைதான் வீட்டை வந்து உங்களுக்குப் 'போகட்டும்' எண்டு எழுதினனான்.

மே மாசம் அவனுக்குக் கடற்குதிரை கிடைச்சிட்டுது. நான் எழுதின வசனம் அவனுக்குப் பொருந்தவும் பொருந்தாது. அது என்ரை வசனம்தான். பதினஞ்சு வயசாச்சு.

விழா முடிய வெளியிலை சைக்கிள் கட்டுற இடத்திலை நிண்டவன். போய், எழுதி வைச்சிருந்த வசனத்தைச் சொன்னன். கேட்டுப்போட்டுத் தன்ரை சைக்கிள் பூட்டைத் திறந்தான். பிறகு, "என் வாய்ஸ்ல எப்படிச் சொல்லியிருப்ப, சொல்லிக் காட்டு" எண்டான். சொல்லிக் காட்டினன். "நான் அப்படி இழுக்க மாட்டேன்டா" எண்டான். இழுத்துக்கொண்டுதான் சொன்னான். நீங்கள் கோபம் வரேல்லையோ எண்டு கேட்க, எதுக்கு எண்டானாம். அவனுக்கு அண்டைக்கே தெரியும் அக்கா. உங்களுக்குத்தான் பெப்பே காட்டியிருக்கிறான்.

மெலனியிட்டையும் போய் மன்னிப்புக் கேட்டன். குடை இருக்கேல்லையாம். அடுத்த குளிர்விடுமுறை எப்ப எண்டு கேட்டாள், திறப்பு எடுத்து வைக்கிறதுக்காம்.

உங்கடை ரெண்டு கோப்பைக் கதையைத் திருப்பி வாசிச்சன். ஒற்றை அறைக்கும் சன்னல் இருக்கு எண்டு எழுதியிருந்தியள். தேனுஜா அக்காவுக்கு ட்ராம் விருப்பம் எண்டு ஒருக்கா சொன்ன ஞாபகம்.

ஓகஸ்டுக்கு முதல் எனக்கு அந்தச் சின்னம் கிடைக்கோணும் எண்டு நவநீத் பிடிவாதமாய் நிக்கிறான். தனக்கு முடிஞ்சபிறகும் புதன்கிழமையளிலை வந்து, நான் தண்ணிக்குள்ளை போக அவன் கரையோடை கூட நடந்து வாறான். இந்தப் புதன் முழு நீளத்துக்கு விட்டவை. பாதிக்கு மேலை நீந்தினன் அக்கா, சத்தியமாய், ரெண்டு காலும் தண்ணியிலை.

மிச்சம் நடந்தன்.

அம்மாவுக்குச் சொல்லாதேங்கோ. உயிர்காப்பாளரின் தாய் எண்டு கோயிலிலை எல்லாருக்கும் சொல்லி வைச்சிருக்கிறா.

இப்படிக்கு,
கவிழ்ந்த
கவிஷன்